கல்மட்டத்துக்குக் கோச் தேடியவர்

ஓவேலிக்கு மேலே இருக்கும் கல்மட்டம் எஸ்டேட்டில் ஆறுமுகசாமி பெரிய கிளார்க். அவருடைய அப்பா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கூடலூருக்கு வந்து மளிகைக் கடை வைத்தவர். மகனுக்குக் கடையில் நிற்கப் பிடிக்கவில்லை. எழுத்து அழகாக இருந்ததால் எஸ்டேட் ஆபீசில் வேலை கிடைத்தது. அதே எழுத்துக்காகத்தான் கல்மட்டம் ஃபுட்பால் கிளப்பும் அவரைச் செக்ரட்டரி ஆக்கிக்கொண்டது. பந்தை நேராக உதைக்கத் தெரியாத மனிதர் இருபத்திரண்டு வருஷம் அந்தப் பதவியில் இருந்தார். கிளப்புக்கு எந்தக் கோச் வருவது, எந்தக் கோச் போவது என்று கமிட்டி முடிவு செய்யும். அதைக் கடிதமாக எழுதி உரியவர் கையில் கொடுப்பவர் அவர். அப்படிக் கொடுத்த ஒரு கடிதம் அவரை இன்றுவரை விடவில்லை.

அது அழகர்சாமிக்குக் கொடுத்தது.

அழகர்சாமி கல்மட்டத்தில் கவ்வாத்து வேலை செய்தவர். தேயிலைச் செடிகளை இடுப்பளவுக்கு வெட்டிவிடும் கூட்டத்தில் ஒருவர். எட்டு வயதில் இலங்கையிலிருந்து தாய் தகப்பனோடு இந்த மலைக்கு வந்தவர். பேச்சில் அந்த ஊர் வாசனை கடைசிவரை போகவில்லை. பையன்களை அவர் பொடியன்கள் என்றுதான் சொல்வார். 2003-இல் கோச்சாக வந்தார். சர்ட்டிபிகேட் எதுவும் கிடையாது. விசில்கூடக் கிடையாது. இரண்டு முறை கை தட்டினால் எல்லோரும் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

கல்மட்டத்து மைதானம் ஃபேக்டரிக்குக் கீழே மலையைச் சீவி எடுத்த ஒரு துண்டு நிலம். பந்தைத் தூக்கி அடித்தால் சரிவில் இறங்கித் தேயிலைக்குள் போய்விடும். தேடுவதற்கே அரை மணி நேரம் ஆகும். அதனால் அழகர்சாமி பந்தைத் தரையை விட்டு எழும்பவிடாமல் ஆடப் பழக்கினார். அந்தப் பழக்கமே அணியின் ஆட்டமாகிவிட்டது. கூடலூரில் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகளில் கேரள எல்லையைத் தாண்டி வந்த பெரிய அணிகள்கூடக் கல்மட்டத்துப் பையன்களின் காலில் பந்து ஒட்டிக்கொண்டு நகர்வதைப் பார்த்துத் திகைத்தன. பதினோரு வருஷத்தில் நான்கு கோப்பைகள். ஆடியவர்கள் எல்லோருமே எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள்.

கடைசி இரண்டு வருஷமும் கோப்பை வரவில்லை. 2014 பிப்ரவரியில் நடந்த அரையிறுதிக்கு ஆறுமுகசாமி பொள்ளாச்சியிலிருந்து உறவுக்காரர்களை அழைத்து வந்திருந்தார். மகன் வினோத் ஆடப் போகிறான் என்று சொல்லிச் சொல்லி அழைத்து வந்தார். வினோத்துக்கு அப்போது பத்தொன்பது வயது; அந்த வருஷம் எல்லா மேட்ச்சும் ஆடியவன். ஆனால் அன்றைக்கு அழகர்சாமி அவனை இறக்கவே இல்லை. வினோத் கடைசிவரை பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேலரியில் உறவுக்காரர்கள் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டார்கள். ஆறுமுகசாமிக்கு முகம் எரிந்தது. பெனால்டியில் கல்மட்டம் தோற்றது.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. தலைவர் தரணிதரன் கூடலூரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அணிக்கு ஜெர்ஸி எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். கெட்ட மனிதரில்லை, அவசரக்காரர்.

"ரெண்டு வருஷமா கையில ஒண்ணுமில்லீங்க. அழகர்சாமி நல்ல மனுசன்தான். ஆனா காலம் மாறிப்போச்சு. முறையாப் படிச்ச கோச்சு ஒருத்தரு வர்றேங்கறாரு. என்ன சொல்றீங்க?"

மூன்று பேர் அழகர்சாமி இருக்கட்டும் என்றார்கள். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். மிச்சமிருந்தது செக்ரட்டரியின் கை. அது மேலே போனது.

மகனுக்காக இல்லை, கிளப்புக்காகத்தான் என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். மறுநாள் அழகான எழுத்தில் கடிதத்தை எழுதி, தாமே எடுத்துக்கொண்டு அழகர்சாமியின் லைன் வீட்டுக்குப் போனார். அழகர்சாமி வாசலில் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"ஒங்க எழுத்து நல்லா இருக்கு ஐயா," என்றார். அதில் குத்தல் இல்லை. அதுதான் ஆறுமுகசாமியால் தாங்க முடியாமல் போனது. "வாறவருக்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. சின்னப் பொடியன்களை விட்டுறக் கூடாது. வாரத்துல ரெண்டு நாளு அவங்களுக்குத்தான்."

சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தார். புதுக் கோச்சிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லும்படி ஒரு சந்தர்ப்பமும் அமையவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அதிலிருந்து பத்தொன்பதாவது நாள் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, பன்னிரண்டாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குள் போகும் குறுக்குப்பாதையில் அழகர்சாமியை யானை அடித்தது. விறகு எடுக்கப் போயிருந்தார். பதினோரு வருஷமாக அந்த நேரத்தில் அவர் வேறெங்கும் இருந்ததில்லை. ஐந்தே முக்காலுக்கு அவர் மைதானத்தில் இருப்பார். கல்மட்டத்தில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அடக்கத்துக்குப் பையன்கள் ஜெர்ஸி போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர் மனைவி மூக்கம்மா கொழுந்து பறிப்பவர். பத்து நாள் லீவுக்குப் பிறகு வேலைக்கு வந்தார். காலையில் பேர் கொடுக்கும் இடத்தில் ஆறுமுகசாமியைப் பார்த்ததும், எப்போதும் போல, "வணக்கம் ஐயா," என்றார். அன்றிலிருந்து வேலைநாள் ஒவ்வொன்றும் அவருக்கு அந்த வணக்கத்தோடுதான் விடிந்தது. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும். மூக்கம்மா திட்டவில்லை.

புதுக் கோச் முதல் வருஷமே கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ஏழு பேரில் ஐந்து பேர் எல்லைக்கு அப்பாலிருந்து மேட்ச்சுக்கு இவ்வளவு என்று பணம் பேசி வந்த ஆட்டக்காரர்கள். கல்மட்டத்துப் பையன்கள் பெஞ்சில் இருந்தார்கள். பிறகு பெஞ்சுக்கும் வருவதை நிறுத்திவிட்டார்கள். சின்னவர்களுக்குப் பயிற்சி கிடையாது. அடுத்த வருஷம் அந்த ஐந்து பேரும் வேறு அணிக்குப் போனார்கள். கல்மட்டம் முதல் சுற்றிலேயே ஆறு கோல் வாங்கியது. கோச்சும் போனார்.

அதற்குப் பிறகுதான் தேடல் ஆரம்பித்தது. நான்கு வருஷத்தில் நான்கு பேர். ஒவ்வொருவரையும் கண்டுபிடித்தது ஆறுமுகசாமி. வெளியே தெரியாவிட்டாலும், அவர் தேடியது ஒரே ஆளைத்தான். ஒருவர் இன்னொரு எஸ்டேட்டில் கவ்வாத்து வேலை செய்தவர். ஒருவர் இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தவர். ஒருவரை, விசில் ஊதமாட்டார் என்று கேள்விப்பட்டே போய் அழைத்து வந்தார். யாரும் ஒரு வருஷத்துக்கு மேல் நிற்கவில்லை. பையன்கள் எதற்கெடுத்தாலும், "அழகர்சாமி அண்ணன் இருந்தா இப்படிச் செய்யமாட்டாரு," என்றார்கள். பெஞ்சின் இடது முனையில் அழகர்சாமி குடையைச் சாத்தி வைத்து உட்காருவார். அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. மழை பெய்து எல்லோரும் ஒண்டிக்கொண்டு நின்றாலும் அந்த ஒரு சாண் பலகை காலியாகவே நனைந்துகொண்டிருக்கும்.

நான்காவதாக வந்தவன் வேலன், அழகர்சாமியிடம் ஆடி கேப்டனாக இருந்தவன். இவன்தான் சரி என்று ஆறுமுகசாமி நிம்மதியடைந்தார். முதல் நாள் வேலன் மைதானத்தின் நடுவில் நின்று இரண்டு முறை கை தட்டினான். பையன்கள் நின்றார்கள். வேலனும் நின்றான். பிறகு அவன் என்ன சொல்ல வந்தானோ, சொல்ல முடியாமல் திரும்பிக்கொண்டான். எட்டு மாதம் கழித்து ஆபீசுக்கு வந்து, "என்னால முடியலைங்கய்யா. நான் வாயத் தொறந்தா அவரு கொரலு வருது. பையனுங்க அவரைத்தான் பாக்கறானுங்க, என்னையப் பாக்கறதில்ல," என்று சொல்லிவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

2020-இல் ஊரடங்கு வந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த வினோத் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்து சேர்ந்தான். ஆட்டமில்லாத மைதானத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. ஆறுமுகசாமி சாயங்காலத்தில் அங்கே நடக்கப் போவார். ஒரு நாள் மூடுபனி ஃபேக்டரியிலிருந்து இறங்கி கோல் கம்பத்தை மறைத்துவிட்டது. எதிரே எதுவும் தெரியவில்லை. அப்போது கை தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு முறை. அவர் அப்படியே நின்றுவிட்டார். யார் தட்டினாலும் அந்தத் தட்டலுக்கு அவர் நின்றிருக்கத்தான் வேண்டும் என்பது போல நின்றார். காற்றில் ஏதாவது தகரம் அடித்திருக்கலாம். லைன் பக்கம் யாராவது மாட்டை விரட்டியிருக்கலாம். பனி விலகும்வரை அவர் நகரவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார். மனைவி மருதாம்பாள் காபி கொண்டுவந்து வைத்தார். வினோத் அருகில் வந்து உட்கார்ந்தான். "என்னாச்சுங்கப்பா?" என்றான்.

ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாததை அவர் மகனிடம் சொன்னார். உன்னை ஆடவிடவில்லை என்கிற கோபத்தில்தான் அன்றைக்குக் கையைத் தூக்கினேன் என்று சொன்னார்.

"அப்பா, அவரு என்னைய வெளிய வெக்கலீங்க. நாந்தான் வேண்டாம்னேன்."

"என்னடா சொல்ற?"

"அதுக்கு முந்தின மேட்ச்சுல முட்டி பெரண்டுபோச்சு. நொண்டறது ஊட்ல தெரியாம சமாளிச்சேன். சொந்தக்காரங்களையெல்லாம் நீங்க கூட்டிட்டு வந்துட்டீங்க. ஊட்ல சொல்ல எனக்குப் பயம். அவருகிட்டப் போய், நீங்களே வெளிய வெச்ச மாதிரி விட்ருங்க, ஊட்ல சொல்லிராதீங்கன்னேன். சரிடா பொடியான்னாரு. அவ்வளவுதான்."

கடிதம் கொடுக்கப் போன அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாசலில் நின்றுகொண்டு இரண்டு முறை கடிதத்தைப் படித்த மனிதர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. பத்தொன்பது வயதுப் பையனுக்குக் கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை. மருதாம்பாள் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வினோத் அழுதுகொண்டிருந்தான். ஆறுமுகசாமிக்கு அழவும் வரவில்லை.

ஊரடங்கு தளர்ந்ததும் அவர் மூக்கம்மாவைத் தேடிப் போனார். லைன் வீட்டு வாசலில் நின்று, உட்காராமல், எல்லாவற்றையும் சொன்னார். மூக்கம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும் ஐயா," என்றார். "கடுதாசி வந்த அன்னைக்கே அவரு சொன்னாரு. மகனை இறக்கலேன்னு ஐயாவுக்கு மனசு விட்டுப்போச்சு, வேறொண்ணும் இல்லேன்னு. உங்க மேல அவருக்குக் கோவம் இல்ல." முந்தானையைச் செருகிக்கொண்டார். "எனக்கு இருந்திச்சு. இப்பவும் இருக்கு. அதுக்கு நான் ஒண்ணும் செய்ய ஏலாது."

ஆறுமுகசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கமாட்டீங்களே? வருசா வருசம் யாராரையோ கூட்டிக்கிட்டு வாறீங்க. வருசம் முடியமுன்ன அனுப்பிர்றீங்க. இவரு வந்த மொத வருசம் பந்தலூர்ல ஏழு கோலு வாங்குனாங்க. ரெண்டாவது வருசமும் ஒண்ணும் இல்ல. மூணாவது வருசமும் இல்ல. அப்ப ஃபேக்டரி டீமேக்கர் ஐயாதான் கிளப்புத் தலைவரு. ஏழு கோலு வாங்குன மறுநாளு இவரு சோறு திங்காமக் கெடந்தாரு. டீமேக்கர் ஐயா இந்த வாசலுக்கு வந்து, நாளைக்கு எத்தனை மணிக்குப் பிராக்டிஸ்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. வேற ஒரு பேச்சுக் கதைக்கல. இப்ப அப்பிடி யாரு கேக்குறா?"

திரும்பி வரும் வழியில் ஆறுமுகசாமி பழைய தீர்மானங்களை மனதில் புரட்டிப் பார்த்தார். அழகர்சாமிக்குப் பிறகு ஐந்து முறை கோச் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து முறையும் யார் என்று பேசினார்களே தவிர, கல்மட்டம் எப்படி ஆட வேண்டும், யாரை வைத்து ஆட வேண்டும், எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று ஒரு முறைகூடப் பேசவில்லை.

ஆபீசில் பழைய விண்ணப்பங்கள் ஒரு கட்டாகக் கிடந்தன. அதில் ஆன்சி என்று ஒரு பெயர் இரண்டு வருஷம் வந்திருந்தது. கூடலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பெண் என்பதால் இரண்டு முறையும் உறையைப் பிரிக்காமலே 'பரிசீலிக்கப்பட்டது' என்று எழுதி வைத்தவர் அவரேதான். இப்போது பிரித்துப் படித்தார். எட்டு வருஷமாகப் பள்ளி அணியை நடத்துகிறார். சின்ன வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேர் பள்ளியை முடிக்கும்வரை விட்டுப் போகாமல் ஆடியிருக்கிறார்கள். வாங்கிய கோப்பைகளை அவர் எழுதவில்லை. பிள்ளைகள் விட்டுப் போகாததைத்தான் எழுதியிருந்தார்.

2021 இறுதியில் கமிட்டி அவரை அழைத்தது. நாற்பது வயதிருக்கும். மலையாளம் கலந்த தமிழ். கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து அவரே முதலில் கேட்டார்.

"சாரே, எத்தனை கொல்லம் தருவீங்க?"

தரணிதரன் சிரித்தார். "ஒரு வருசம் பாக்கலாமுங்க."

"அப்படின்னா வேண்டா. மூணு கொல்லம் வேணும். முதல் கொல்லம் நாம தோற்கும். சின்னப் பிள்ளைங்களை நான்தான் பாக்கணும். வெளியே இருந்து ஆள் கொண்டுவரக் கூடாது. இது சம்மதம்னா நான் வரேன்."

இரண்டு மணி நேரம் சண்டை நடந்தது. மூன்று வருஷம் முடியும்வரை கோச்சை மாற்றும் பேச்சைக் கமிட்டியில் எடுக்கவே கூடாது என்று ஆறுமுகசாமி தீர்மானம் எழுதினார். முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆன்சி வந்த முதல் நாள் பந்துப் பையைப் பெஞ்சின் இடது முனையில் வைத்தார். பையன்களில் ஒருவன் ஓடி வந்து பையை எடுக்கப் போனான்.

"எந்தா? இங்கே யார் இருந்தது?"

ஆறுமுகசாமிதான் அழகர்சாமியைப் பற்றிச் சொன்னார். ஆன்சி முழுவதும் கேட்டார். பையை எடுத்துக் கீழே வைத்தார். "அவர் எப்படி ஆட வைப்பார்?" என்று பையன்களைக் கேட்டார். முதலில் ஒருவன் தயங்கிச் சொன்னான். பிறகு எல்லோரும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தார்கள். இந்த ஏழு வருஷத்தில் யாரும் அவர்களிடம் அதைக் கேட்டதில்லை. "கொள்ளாம், நல்லா இருக்கு. அதை விட வேண்டா. எனக்குத் தெரிஞ்சதை அதுமேல வைக்கலாம்," என்றார் ஆன்சி. கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

சொன்னபடியே தோற்றார்கள். ஏழு மேட்ச்சில் ஆறு. கூடலூர் கேலரியில் பெண் கோச் என்று ஊளையிட்டார்கள். ஏப்ரலில் தரணிதரன் கமிட்டியைக் கூட்டினார்.

"தீர்மானமாவது ஒண்ணாவது. கடைவீதியில தல காட்ட முடியலீங்க. லெட்டர் எழுதுங்க."

ஆறுமுகசாமி பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார். "எழுதமாட்டேனுங்க."

"ஏனுங்க?"

"முன்ன ஒரு லெட்டர் எழுதுனேன். கிளப்புக்குன்னு சொல்லித்தான் எழுதுனேன். நெசம் அதில்லீங்க. எம்பையனை இறக்கலேங்கற ஆத்திரத்துல கையத் தூக்குனேன். பையனுக்கு முட்டி அடிபட்டிருந்துச்சு, அது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்ல. அவரு இருந்திருந்தா அன்னைக்கு அஞ்சே முக்காலுக்கு இந்த மைதானத்துல இருந்திருப்பாரு." பேனாவைத் தள்ளி வைத்தார். "நீங்களும் இப்ப எதுக்குக் கையத் தூக்கறீங்கன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. கடைவீதிக்காகவா, பசங்களுக்காகவா?"

எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒன்றை முதல் முறையாக ஒருவர் சொல்லிவிட்டார். தரணிதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அந்தம்மா நாளைக்குப் பிராக்டிஸ் வெச்சிருக்கறாங்களா?" என்று கேட்டார்.

இரண்டாம் வருஷம் காலிறுதி. மூன்றாம் வருஷம் இறுதிவரை வந்து தோற்றார்கள். அப்போது ஆன்சியை மாற்றச் சொல்லி யாரும் பேசவில்லை. 2025-இல் கோப்பை வந்தது. ஏழு பேரில் நான்கு பேர் ஆன்சி சின்னப் பையன்களாகப் பிடித்து வளர்த்தவர்கள். ஜெயித்த கூட்டத்தில் அவரைத் தோளில் தூக்கினார்கள். மைதானத்து ஓரத்தில் மூக்கம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்ததை ஆறுமுகசாமி கண்டார். அருகே போகவில்லை. இன்னும் இரண்டு வருஷத்தில் தமக்குப் பதிலாக நிற்கும்படி, இங்கேயே ஆடிய இருவரை ஆன்சி இப்போதே பக்கத்தில் வைத்துப் பழக்குகிறார். கல்மட்டம் இனிமேல் கோச்சைத் தேடி ஊரூராக அலைய வேண்டியதில்லை.

அந்த மே மாதம் ஆறுமுகசாமி ரிட்டையர் ஆனார். எஸ்டேட் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கூடலூரில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார். வினோத் கோயம்புத்தூருக்கு வந்துவிடச் சொல்கிறான். மருதாம்பாளுக்கும் ஆசைதான். அவர் மட்டும் பிடி கொடுக்காமல் நாளைக் கடத்துகிறார். சனிக்கிழமையானால் பஸ் பிடித்துக் கல்மட்டத்துக்குப் போகிறார். பனி இறங்கும் நாட்களில் பேசிக்கொண்டிருப்பவர் பாதியில் நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். பையன்களுக்கு அது பழகிவிட்டது. அவர் மறுபடி பேசும்வரை காத்திருப்பார்கள்.

சென்ற மாதம் பிக்கட்டிப் பக்கத்து கிளப் ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். உங்க கிளப் மட்டும் எப்படிங்க நின்னு ஆடுது, நாங்களும் கோச் எடுக்கப் போறோம், நாலு வார்த்தை சொல்லுங்க என்றார்கள். ஆறுமுகசாமி பொறுமையாகச் சொன்னார். முதலில் நீங்கள் எப்படி ஆடுபவர்கள் என்று உட்கார்ந்து பேசுங்கள். அதற்கு ஏற்ற ஆளைப் பாருங்கள். மூன்று வருஷத்தை எழுத்தில் கொடுங்கள். சின்னவர்களைக் கோச்சின் கையில் விடுங்கள். வந்தவர்கள் ஒன்றுவிடாமல் ஃபோனில் குறித்துக்கொண்டார்கள். மருதாம்பாள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிப் புறப்பட்டார்கள்.

"அழகர்சாமி பேச்சே எடுக்கலீங்களே?" என்றார் மருதாம்பாள், டம்ளர்களை எடுத்தபடி.

"அவங்க அதைக் கேக்கலை."

"கேட்டிருந்தா?"

வாசல் கேட்டுக்கு வெளியே அந்த இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆறுமுகசாமி எழுந்து வாசல்வரை வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.